பந்தய நடுவே வயிறு புரட்டினால் தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, கோயம்புத்தூரில் வசிக்கிறேன். கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் ட்ரையத்லானில் கலந்துகொண்டேன். கடலில் நீந்தி முடித்து, சைக்கிளில் 55 கிலோமீட்டர் போனதும் வாந்தி தொடங்கியது. மூன்று முறை வாந்தி, ஒரு முறை வயிற்றுப்போக்கு. ஓட்டப் பகுதியைப் பெரும்பாலும் நடந்தே கடந்து, கெடு முடிய 18 நிமிடம் இருக்கும்போது முடிவுக்கோட்டைத் தொட்டேன். அடுத்து மலேசியாவின் லங்காவியில் முழு அயர்ன்மேனுக்குப் பதிவு செய்திருக்கிறேன். உப்புக் குறைந்ததால்தான் வாந்தி வந்தது, மணிக்கு இரண்டு உப்பு மாத்திரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் வராது என்கிறார் என் பயிற்சியாளர். அந்த மாத்திரைகளையும் அவரே விற்கிறார். குடும்ப மருத்துவரோ இந்தப் போட்டியே இனி வேண்டாம் என்கிறார். மறுபடியும் இப்படி நேர்ந்தால் தொடரலாமா, விலகிவிட வேண்டுமா?

பதில்: தொடரலாம், ஆனால் கெட்டிருப்பது வயிறு மட்டுமாக இருக்கும்வரைதான். வயிறு கெட்டால் நேரத்தைச் செலவழித்துப் பந்தயத்தை முடித்துவிட முடியும். புத்தி தடுமாறத் தொடங்கினால் முடிவுக்கோடு நூறு மீட்டரில் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எத்தனை முறை வாந்தி எடுத்தீர்கள், எந்தக் கிலோமீட்டரில் எடுத்தீர்கள், எத்தனை நிமிடம் மீதமிருந்தது என்று எல்லாவற்றையும் நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்கள் தலை தெளிவாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று, ஆகவே நீங்கள் நடந்து முடித்ததில் தவறில்லை.

வாந்தி ஏன் வந்தது என்பதற்கு உப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடும் உழைப்பின்போது இரத்தம் கால் தசைகளுக்கும், வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கும் போய்விடுவதால், குடலுக்குக் கிடைக்கும் பங்கு மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் வயிற்றுக்குள் போகும் எதுவும் மேலே செல்லாமல் தங்கிவிடும். நீந்தும்போது விழுங்கிய கடல்நீர் ஏற்கெனவே குமட்டலைக் கிளப்பியிருக்கும். அதன் மேல் சர்க்கரைக் கூழான ஜெல்லை விழுங்கி, தண்ணீருக்குப் பதிலாக இனிப்புப் பானத்தையே குடித்தால், வயிற்றிலுள்ள கரைசல் கெட்டியாகி உடம்பின் நீரைத் தன்பால் இழுக்கும். வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவது பெரும்பாலும் இப்படித்தான். கோவாவின் புழுக்கத்தில் 90 கிலோமீட்டர் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்திருந்தால் இது எவருக்கும் வரும்.

அப்படி வந்துவிட்டால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதயத் துடிப்பு இறங்கி, பேச்சு மூச்சிரைக்காமல் வரும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பனிக்கட்டி கிடைத்தால் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் போட்டுக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் சாப்பிடாமல் இருந்து, பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு மிடறு என்று தொடங்க வேண்டும். குடிநீர் மேசைகளில் கிடைக்கும் கோலாவைத் தண்ணீர் கலந்து உறிஞ்சினால் பலருக்கு வயிறு ஏற்றுக்கொள்கிறது. அன்றைய இலக்கு நேரத்தை மறந்துவிடுங்கள். முழு அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். கெடு வழக்கமாக 17 மணி நேரம். சைக்கிளை விட்டு இறங்கி ஓட்டம் தொடங்கும்போது ஒன்பதரை மணி நேரம் கடந்திருந்தாலும் உங்களிடம் ஏழரை மணி நேரம் இருக்கும். கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம் என்று விறுவிறுப்பாக நடந்தாலே 7 மணி 23 நிமிடத்தில் முடித்துவிடலாம். நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு என்பதால் நீங்கள் கலந்துகொள்ளும் பந்தயத்தின் கையேட்டைப் பார்த்து இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வையுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது வகுத்தல் கணக்கு வராது.

வேகத்தைக் குறைத்து மெதுவாகக் குடி என்று நான் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பயிற்சியாளர் சொன்ன யோசனை அதில்தான் கொண்டுபோய் விடும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததாலேயே வருகிற வாந்தி ஒன்று இருக்கிறது. வியர்வையில் போனதைவிட அதிகமாகக் குடித்தால், இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போய் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். மேலும் இறங்கினால் மூளை வீங்கும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் அதில் மிகுதி. நன்றாகக் கவனியுங்கள், எடை கூடியவர்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாக நடக்கிறவர் ஒவ்வொரு மேசையிலும் நின்று இரண்டு கோப்பை குடிக்கிறார்.

ஒரு பந்தயத்தின் மருத்துவக் கூடாரத்தில் நான் பணியில் இருந்தபோது ஒருவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். கைக்கடிகாரப் பட்டை மணிக்கட்டில் புதைந்து இருபுறமும் சதை பிதுங்கியிருந்தது. காலுறையின் விளிம்பு கெண்டைக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. மோதிரத்தைத் திருகியும் அசைக்க முடியவில்லை. அவரோ வாந்திக்கு நடுவே தண்ணீர் தாருங்கள், தண்ணீர் தாருங்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற தொண்டர் ஒருவர், பாவம் வற்றிப்போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டே போத்தலைத் திறந்தார். அதைத் தடுத்ததுதான் அன்று நான் செய்த முதல் வைத்தியம். இத்தகையவருக்குத் தண்ணீரோ சாதாரண சலைனோ கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். கடுமையான நிலையில் தர வேண்டியது மூன்று விழுக்காட்டு உப்புக் கரைசல், அதையும் மருத்துவர்தான் தர வேண்டும். ஆகவே வாந்தியோடு தலைவலி, விரல் வீக்கம், வயிற்றில் தண்ணீர் குலுங்கும் உணர்வு ஆகியவை இருந்தால், குடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள்.

இப்போது அந்த உப்பு மாத்திரைக்கு வருகிறேன். மணிக்கு ஒரு லிட்டர் என்று பதினைந்து மணி நேரம் குடித்தால் பதினைந்து லிட்டர். எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அந்த வெள்ளத்தை ஈடுகட்ட முடியாது. போதாக்குறைக்கு, புரட்டுகிற வயிற்றில் செறிவான உப்புப் போய் விழுந்தால் அதுவே அடுத்த வாந்தியைக் கிளப்பும். பயிற்சித் திட்டம் எழுதித் தருகிறவரே மாத்திரை, ஜெல், பவுடர் எல்லாவற்றையும் விற்கிறவராகவும் இருந்தால், அவருடைய ஆலோசனையை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வியர்வையைச் சோதிக்காமல், உங்கள் எடையைக்கூடக் கேட்காமல், எல்லாருக்கும் மணிக்கு இரண்டு என்று சொல்பவர் விற்பனையாளர் மட்டுமே.

ஓ.ஆர்.எஸ். வாங்குவதிலும் இதே கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டின்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். அந்தப் பொட்டலத்தை 750 மில்லி சைக்கிள் போத்தலில் கொட்டிக் கலக்குகிறவர்களை ஒவ்வொரு பந்தயத்திலும் பார்க்கிறேன். அது கரைசலைக் கெட்டியாக்கிவிடும். 200 மில்லிக்கான சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன, போத்தலின் அளவுக்குத் தக்கபடி அவற்றைப் போடுங்கள். வாய்ப்பாட்டுக்குச் சற்றும் பொருந்தாத இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரையே தாங்கி மருந்துக் கடை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. 2022இல் ஒரு சிறிய எச்சரிக்கை வரியைச் சேர்த்துவிட்டு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பேதியில் துவண்ட குழந்தைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போய்ச் சேர்ந்த அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

விலக வேண்டிய நிலைகள் இவை. பந்தய எண்ணோ பாதையோ மறந்துபோவது, காரணமில்லாமல் எரிச்சல்படுவது, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். வியர்த்துக்கொண்டிருப்பதால் அது இல்லை என்று நம்பிவிடக் கூடாது. 2016இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த ட்ரையத்லானில் பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லி கடைசிச் சில நூறு மீட்டரில் தள்ளாட, அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி முடிவுக்கோட்டில் தள்ளிவிட்ட காட்சியைப் பலரும் வீரமாகப் பகிர்கிறார்கள். மருத்துவர் கண்ணுக்கு அது அவசர நிலை. முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றபின் மயங்கி விழுபவருக்குப் பெரும்பாலும் இரத்தம் காலில் தேங்கியிருக்கும், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சரியாகிவிடும். கோட்டுக்கு முன்பே விழுகிறவரைத்தான் அஞ்ச வேண்டும். நெஞ்சு வலி, நீச்சலில் இளஞ்சிவப்பு நுரையோடு வரும் இருமல், வாந்தியில் இரத்தம், கோலா நிறச் சிறுநீர் ஆகியவற்றிலும் யோசனைக்கே இடமில்லை. காய்ச்சலோடு தொடக்கக் கோட்டுக்கே போகாதீர்கள்.

வெப்பத் தாக்குதலில் மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே, அந்த இடத்திலேயே, பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் உடம்பை அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். வெப்பத்தை ஆசனவாய் வழியே அளக்க வேண்டும். நம் நாட்டில் நான் பார்த்த பந்தயங்கள் பலவற்றில் தொட்டியும் இல்லை, அந்த வெப்பமானியும் இல்லை. நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியைக் காட்டி 37 டிகிரி என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பதிவுக் கட்டணம் வாங்கி, நாடியைக்கூடப் பிடிக்காத மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிச் சான்றை வாங்கி அடுக்கிவைத்துக்கொள்ளும் அமைப்பாளர்களிடம், பனிக்கட்டித் தொட்டி எங்கே என்று நீங்கள் முன்கூட்டியே கேளுங்கள்; நான்கு பேர் கேட்டால்தான் வைப்பார்கள்.

பந்தய நடுவில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நண்பர் நீட்டினாலும் வாங்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். போட்டி முடிந்ததும் களைப்புத் தீரக் குளுக்கோஸ் ஏற்றித் தருகிறோம் என்று ஓட்டல் அறைக்கே வருகிற ஆட்களையும் அண்டவிடாதீர்கள். மருத்துவமனைச் சிகிச்சைக்காக அன்றி, 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியே ஏற்றுவது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படியே தடைசெய்யப்பட்டது.

லங்காவிக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. வெயில் ஏறிய பிறகு, பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதியுங்கள். புறப்படும் முன்னும், திரும்பி வந்து வியர்வையைத் துடைத்த பின்னும் உள்ளாடையோடு எடை பாருங்கள். இடையில் குடித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் எடை 70 கிலோ, பின் எடை 69.4, குடித்தது 500 மில்லி என்றால் மணிக்கு 1.1 லிட்டர் வியர்க்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஒருபோதும் குடிக்கக் கூடாது, தாகத்துக்கு ஏற்ப அதற்குக் குறைவாகக் குடிப்பதே சரி. நான்கைந்து நாட்கள் இப்படி எழுதி வைத்து, அந்தத் தாளை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள்.