டீ பாய்லர் பக்கத்திலிருந்து: இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகளில் வாலன்டியர் வேலை, கேள்வி பதில்

தென் லண்டனில் எட்டாம் நிலை லீக்கில் ஆடும் ஒரு சின்னக் கிளப்பில் 2011இலிருந்து இருக்கிறேன். கேட், புரோகிராம், டீ, துடைப்பம் எல்லாம் பார்த்தாயிற்று. இன்று மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், கேளுங்கள். தெரியாததை யாரிடம் கேட்க வேண்டும் என்றாவது சொல்கிறேன்.

லெஸ்டர் மாணவர்: அக்கா, ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறேன். ஊரில் காலேஜ் டீமுக்கு ஆடியவன். இங்கே ஒரு கிளப்பில் சம்பளம் இல்லாமல் கோச்சிங் செய்யலாமா?

தம்பி, நல்லவேளை முன்னாடியே கேட்டாய். ஸ்டூடன்ட் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. அதில் கோச்சும் அடக்கம். தொழில்முறை மட்டுமில்லை, அரைத் தொழில்முறைக் கிளப்பும் சேரும். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கணக்கு ஒன்றுதான். எங்களைப் போன்ற சின்னக் கிளப்பிலேயே ஆட்டக்காரர்களுக்கு வாரச் சம்பளம் உண்டு, அதனால் நாங்களும் அரைத் தொழில்முறைதான். அங்கே போய் ‘சும்மா உதவிக்கு’ பயிற்சி கொடுத்தாலும் மாட்டிக்கொள்வாய். பொழுதுபோக்குக்கு ஆடும் ஞாயிற்றுக்கிழமை டீம் என்றால் அது வேறு.

இன்னொன்று. வாலன்டியர் வேறு, சம்பளமில்லாத வேலை வேறு. இத்தனை மணிக்கு வந்தே ஆக வேண்டும், இன்ன வேலை செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் வந்துவிட்டால் அது வேலை. டிகிரி படிக்கிறவர்களுக்குப் படிப்புக் காலத்தில் இருக்கும் வாரம் 20 மணி நேரத்தில் அதையும் கழித்துவிடுவார்கள். பஸ் செலவை ரசீது காட்டி வாங்கிக்கொள். ‘வச்சுக்கோப்பா’ என்று மாதாமாதம் கவரில் 20 பவுண்டு கொடுத்தால் கையை நீட்டாதே. டீ ஊற்றலாம், கொடி கட்டலாம். அதற்கும் முன்னால் உன் யுனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடு.

ஈஸ்ட்ஹாம் அப்பா: மகள் ஒன்பது வயதுக்குட்பட்ட டீமில் ஆடுகிறாள். உதவிக்கு வரச் சொல்கிறார்கள். போலீஸ் சரிபார்ப்பு ஏதோ வேண்டுமாமே?

டி.பி.எஸ். குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. வாலன்டியர்களுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, கிளப்பே விண்ணப்பிக்கும். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று முகம் சுளிக்காதீர்கள், எல்லோருக்கும் இதுதான். சிறுவர் அணி வைத்திருக்கும் கிளப்பில் பிள்ளைகள் நலனுக்கென்றே ஒரு பொறுப்பாளர் இருப்பார், முதல் நாளே அவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றாதீர்கள். குழந்தைகள் போட்டோவைக் குடும்ப வாட்ஸப்பில் போடாதீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று ‘பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு’ என்று கத்தவும் வேண்டாம். பிள்ளைக்குக் காலும் ஓடாது, மூளையும் ஓடாது.

குரோய்டன் ரசிகர்: வாலன்டியர் செய்தால் டிக்கெட் இலவசமா?

உள்ளே போக இலவசம். ஆட்டம் பார்க்க நேரம் இருக்காது.

ஹாரோ அக்கா: வீட்டில் வடை சுட்டுக் கொண்டுபோய் மைதானத்தில் விற்றுக் கிளப்புக்குக் கொடுக்கலாமா?

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கொடுக்கலாம், ஆனால் தூக்குவாளியில் கொண்டுபோய் வைத்துவிட முடியாது. முதலில் உங்கள் கிளப்பின் டீக்கடை உணவு வியாபாரமாக கவுன்சிலில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு அடுப்பில் சுட்டு விற்பதற்கு என்ன வேண்டும் என்பதையும் அதே கவுன்சிலில் கேளுங்கள். அடுத்தது ஒவ்வாமை. இங்கே சட்டப்படி 14 பொருள்கள் சொல்லியாக வேண்டும். உளுந்து அதில் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது. சட்னியில் தாளித்தது ஞாபகம் வருகிறதா? அதைவிடப் பெரிய கள்ளன் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் ‘பருப்புதானே’ என்று வாங்கித் தின்றால் உங்கள் தலையில் விடியும். டப்பா லேபிளைப் படியுங்கள்.

எங்கள் கிளப்பில் முதல் நாள் நாற்பது வடை போட்டோம். இடைவேளை பதினைந்து நிமிடம்தான், எட்டாவது நிமிடத்தில் தட்டு காலி. ஒரு கிழவர் சட்னியை சூப் என்று நினைத்துக் கப்பில் கேட்டார், கொடுத்தேன். கப் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய தெர்மோகோல் கப் 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் தடை, ஸ்டோர் ரூமில் மிச்சம் கிடந்தால் எடுத்து டீ ஊற்றிவிடாதீர்கள். பாய்லர் 20 லிட்டர் கொதிக்க ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கே சுவிட்சைப் போடுங்கள். வடைக் காசை இரண்டு பேராக எண்ணுங்கள்.

ரெடிங்கிலிருந்து: கேட்டில் நிற்கச் சொல்கிறார்கள். சும்மா நிற்கிற வேலைதானே?

சும்மா நிற்கிற வேலைதான். அந்தச் சும்மாவுக்கு ஒரு கதை உண்டு. 1985 மே 11, பிராட்ஃபோர்டு வேலி பரேடு மைதானம். மர கேலரிக்கு அடியில் பல வருஷக் குப்பை. அதில் தீ விழுந்து சில நிமிடத்தில் கேலரி முழுக்கப் பற்றிக்கொண்டது. 56 பேர் செத்தார்கள். முன்பக்கம் மைதானத்துக்குள் இறங்கியவர்கள் பலர் பிழைத்தார்கள். வெளியே போக வழி தேடிப் பின்பக்கம் ஓடியவர்களை எதிர்கொண்டவை பூட்டிய கேட்டுகள். ஆட்டம் முடிந்ததும் உங்கள் கையில் துடைப்பத்தைக் கொடுப்பதும், அவசர வாசல் பக்கத்திலிருந்து ஒண்ணுக்குப் போவதாக இருந்தால்கூட ஆள் மாற்றிவிட்டுப் போகச் சொல்வதும் அதனால்தான். மழை பெய்தாலும் நகராதீர்கள்.

அப்புறம் காசு. கார்டு வந்த பிறகும் கேட்டில் ரொக்கம் வரும். தனியாக எண்ணாதீர்கள். என் இரண்டாவது சீசனில் நான் தனியாக எண்ணிக் கொடுத்த பெட்டியில் 40 பவுண்டு குறைந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மூன்று வாரம் எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். பிறகு புரோகிராம் அட்டைப்பெட்டியின் அடிமடிப்பில் இரண்டு 20 பவுண்டு நோட்டு ஒட்டிக்கொண்டிருந்தது கிடைத்தது. அன்றிலிருந்து இரண்டு பேர், ஒரு சீட்டு, இரண்டு கையெழுத்து.

லூட்டன் தம்பி: வாலன்டியருக்கு ஃப்ரீ டிக்கெட் உண்டா?

மேலே போய்ப் படி.

சென்னை, பெரியமேடு: நேரு ஸ்டேடியத்துக்குப் பறை கொண்டுபோக அனுமதி எப்படி வாங்குவது?

சென்னையின் எஃப்சியின் சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரசிகர் குழுக்களைக் கேளுங்கள். அனுமதிக்கு அலைந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு.

நியூ மால்டன் அண்ணன்: ரசிகர்களே கிளப்பை நடத்துகிறார்கள் என்கிறார்களே, அது எப்படி?

சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட். நம்மூர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி, எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. எக்ஸெட்டர் சிட்டி 2003இலிருந்து அப்படித்தான். கடனில் மூழ்கிக் கிடந்த அந்தக் கிளப் 2005 ஜனவரியில் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0 டிரா செய்து, மறு ஆட்டத்துக்கும் கூட்டம் வந்து, அந்தக் காசில்தான் மூச்சு விட்டது. போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013இல் வாங்கி 2017இல் விற்றுவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே விம்பிள்டன் இருக்கிறது. 2002 மே 28 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ) அமைத்த மூன்று பேர் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பழைய கிளப் மில்டன் கீன்ஸ் போகலாம் என்றது. ரசிகர்கள் ஏ.எஃப்.சி விம்பிள்டனைத் தொடங்கி, பொது மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை மேலேறி 2011இல் தொழில்முறைப் படியான ஃபுட்பால் லீக்குக்கு வந்தார்கள். 2020இல் பழைய கிளப்பின் மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். குலசாமி கோயிலிலிருந்து சிலையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒரு பக்கம், பிடிமண் எடுத்துப் புதுக்கோயில் கட்டியவர்கள் ஒரு பக்கம்.

மில்டன் கீன்ஸ் மாமா: தங்கச்சி, நான் 2009இலிருந்து இங்கே குடியிருக்கிறேன். சக்கர நாற்காலியில் வரும் ரசிகர்களை உட்கார வைக்கிற வேலை செய்கிறேன். நான் எந்தச் சிலையையும் தூக்கவில்லை. சாமி வந்த ஊரில் பொங்கல் வைத்தவனும் திருடனா?

டூட்டிங் தம்பி: ஃபிரான்சைஸ்! ஃபிரான்சைஸ்!

தம்பி, ‘கடைக்கிளை மாதிரி ஊர் மாற்றிய கிளப்’ என்ற அந்த வசவைக் கத்தாதே. அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. தூக்கியவர்களைச் சொன்னேன்.

மில்டன் கீன்ஸ் மாமா: ஆர்சனல் 1913இல் தேம்ஸுக்குத் தெற்கே வுல்விச்சிலிருந்து வடக்கே ஹைபரிக்குப் போனார்களே, அது மட்டும் இனிக்கிறதா? உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஆர்சனல் சட்டைதானே போடுகிறார்கள்?

சரி, இதற்கு என்னிடம் தயார் பதில் இல்லை. ஆர்சனல் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கோபம் தீராத டோட்டன்ஹாம் ரசிகர் யாராவது இருந்தால் உங்களுக்கு மாலை போடுவார். ஆனால் அது ஒரே நகரத்துக்குள். இது கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். வேறு ஊர், பிறகு எம்.கே. டான்ஸ் என்று வேறு பெயர். எங்கள் கிழவர்கள் பஸ் பிடித்துப் போக முடியாத தூரம்.

மில்டன் கீன்ஸ் மாமா: 2007இல் பழைய கோப்பைகளை விம்பிள்டன் இருக்கும் மெர்டன் கவுன்சிலிடம் திருப்பிக் கொடுத்தோமே, அதையும் சொல்லுங்கள்.

சொல்லாமல் விட்டது என் தப்பு. 1988இல் லிவர்பூலை வென்ற எஃப்.ஏ கோப்பையின் நகலும் அதில் வந்தது. சிலை அங்கே, நகை இங்கே.

டூட்டிங் தம்பி: அப்போ சிலையையும்...

போதும். இந்த ஒரு சண்டையில் முக்கால் மணி நேரம் போயிற்று, பன்னிரண்டு கேள்வி வரிசையில் நிற்கிறது.

ஸ்லவ்விலிருந்து: பிரீமியர் லீக் கிளப்பில் வாலன்டியர் ஆக முடியுமா? ஆட்டக்காரர்களோடு போட்டோ எடுக்கலாமா?

அவர்களிடம் ஆள் வைக்கக் காசு இருக்கிறது, பாதுகாப்பு ஸ்டூவர்டுகள் சம்பளத்துக்கு வருகிறவர்கள். அவர்களின் அறக்கட்டளைப் பக்கம் போய்ப் பாருங்கள், பள்ளிக்கூட வேலைகள் இருக்கும். லிவர்பூலில் எவர்ட்டன், லிவர்பூல் இரண்டு ரசிகர்களும் சேர்ந்து 2015இலிருந்து உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்கிறார்கள். அதற்குக் கிளப் அனுமதிகூட வேண்டியதில்லை. போட்டோ கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

வெம்ப்ளியிலிருந்து: இலவச டிக்கெட்...

இல்லை.

டூட்டிங் தம்பி: அக்கா, கோபமா? எனக்கும் ஏதாவது வேலை கொடுங்கள்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வா, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வா. மழை பெய்திருந்தால் புல்லில் கவைக்கோல் குத்தித் தண்ணீர் இறக்க வேண்டும். கோலை நேராகக் குத்து, லேசாக ஆட்டு, மண்ணைப் புரட்டாதே. மில்டன் கீன்ஸ் அண்ணனுக்கு அன்று ஆட்டம் இல்லையாம், ஹாரோ அக்காவின் வடையைப் பார்க்க வருகிறேன் என்று இப்போதுதான் தனியாகச் சொன்னார். வரட்டும். கேட் காசு எண்ண எனக்கு இரண்டு பேர் வேண்டும். நீயும் அவரும் உட்காருங்கள்.