கேள்வி – பதில்: இயந்திரம் வந்தால் திறனும் வருமா?

கேள்வி: நவீன இயந்திரங்களை இறக்குமதி செய்தாலே வளரும் நாட்டில் பொறியியல் திறன் வளர்ந்துவிடாதா?

பதில்: வளராது. இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். பம்பில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஏன் அடிக்கடி தேய்கிறது என்று யோசித்து, அந்தத் தண்டு (ஷாஃப்ட்) நேர்நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை டயல் கேஜ் என்ற அளவுக்கருவியை வைத்து அளந்து, காரணத்தைக் கண்டறியும் பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாது. பேரிங்கை மாற்றத் தெரிந்தவர் மெக்கானிக். அது தேயாதபடி செய்பவரே பொறியாளர்.

தென்கொரியா இதை உணர்ந்திருந்தது. 1966இல் அறிவியல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாடுகளில் பணியாற்றிய தன் விஞ்ஞானிகளைத் திரும்ப அழைத்தது. 1968இல் நிறுவப்பட்ட எஃகு நிறுவனமான போஸ்கோ, போஹாங் ஆலையில் 1973இல் உற்பத்தி தொடங்கும் முன்பே தன் பொறியாளர்களை ஜப்பானிய எஃகு ஆலைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அந்த முன்னேற்பாட்டைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

வரிச்சலுகையும் மானியமும் தேவைதான். ஆனால் அரசு போடும் கொள்முதல் ஒப்பந்தத்தில், வரைபடங்களும் பராமரிப்புக் கையேடுகளும் முழுமையாக ஒப்படைக்கப்பட வேண்டும், இயந்திரத்தை நிறுவும் நாள் முதல் உள்நாட்டுப் பொறியாளர்கள் உடன் வேலை செய்ய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் இல்லையென்றால், ஒவ்வொரு பழுதுக்கும் விற்றவரையே அழைக்க நேரிடும்.