ரோல் ப்ளே பண்ண வச்சா பிள்ளைங்க கூடப் படிக்கிறவங்கள மதிக்கக் கத்துக்குவாங்களா?

கத்துக்குவாங்க, ஆனா யாருக்கு எந்த வேஷம் குடுக்குறோம்ங்கிறதுல தான் எல்லாமே இருக்கு. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில மூணாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்குறேன், சுத்தி செம்பனையும் பால்மரமும் தான், கிளாஸ்ல பத்தொம்பது பிள்ளைங்க.

எங்க பிரச்சனை ஆர்எம்டி சாப்பாடு. வெளிநாட்டுக்காரங்களுக்காக சொல்றேன், வசதி கம்மியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு இங்க அரசாங்கம் ஸ்கூல்ல இலவசமா குடுக்குறது. ரெஹாட் மணி, அதான் இடைவேளை மணி, அடிச்சதும் அவங்க தட்ட எடுக்கப் போனா ஒரு பையன் "ஃப்ரீ மாக்கான்! ஃப்ரீ மாக்கான்!"னு, அதாவது ஓசிச் சாப்பாடுன்னு, கத்துவான். இவன் அப்பாவும் தோட்டத்துல லோரி ஓட்டுறவரு தான், பெரிய தவுக்கே (முதலாளி) மவன் ஒண்ணும் இல்ல.

நான் முதல்ல பண்ணதே தப்பு. அவன் உணரட்டும்னு அவனையே ஆர்எம்டி பையனா நடிக்கச் சொன்னேன். தட்ட ஏந்திக்கிட்டு நொண்டி நொண்டி வந்து மூக்க உறிஞ்சினான் பாருங்க, கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நெசமா அந்தச் சாப்பாடு சாப்பிடுற ஒரு பொண்ணு மட்டும் அழிரப்பர வச்சு வெறும் மேசைய அழிச்சுக்கிட்டே இருந்துச்சு.

சிலர் வாட்சாப்ல ஜேன் எலியட் கதைய அனுப்புவாங்க, 1968ல அமெரிக்காவுல மூணாம் வகுப்புப் பிள்ளைங்கள கண்ணு நிறத்த வச்சுப் பிரிச்சு இவங்க உசத்தி அவங்க மட்டம்னு நடத்திக் காட்டுன டீச்சர். எனக்கு அதுக்கு மனசு வராது. அழிரப்பர் பொண்ண பாத்ததே போதும்.

எனக்குக் கைகுடுத்தது பிரேசில்காரர் அகுஸ்தோ போவாலோட ஃபோரம் தியேட்டர். நாடகம் நடக்கும்போதே பாக்குறவங்க "ஸ்டாப்" சொல்லி உள்ள வந்து கதைய மாத்தலாம். கேலி பண்றவளா நான், புதுசா பஸ் ஏறுற பையனா பக்கத்து கிளாஸ் சார், அவர் சப்பாத்து (ஷூ) வாயப் பொளந்திருக்கும். பிள்ளைங்களுக்கு பஸ்ல கூட உக்காந்திருக்கிற வேஷம் மட்டும் தான், சாப்பாட்டுப் பேச்சையே எடுக்கல.

முதல்ல வந்தவன் என்னை அடிக்க கை ஓங்கினான். அடுத்தவன் "டீச்சர்கிட்ட சொல்லிருவேன்"னான், "போய் சொல்லு, நீ வர்றதுக்குள்ள இன்னும் நாலு சொல்லுவேன்"னேன், முழிச்சான். அப்புறம் வாயே திறக்காத ஒரு பொண்ணு வந்துச்சு. என்னைத் திரும்பிக்கூட பாக்கல, சீட்ல நகந்து சார்கிட்ட "இங்க உக்காரு, நீ எந்த லயம்?"னு கேட்டுச்சு, லயம்னா தோட்டத்து வீட்டு வரிசை. எனக்கு அடுத்த டயலாக் வரவே இல்ல, சத்தியமா.

இன்னொண்ணு, கேலி பண்ற வேஷத்துக்கு ஒரு சிவப்புத் துண்டு, முடிஞ்சதும் கழட்டிட்டு சொந்தப் பேர சொல்லணும். ஒரு தடவ ஆசையா கேட்டான்னு ஒரு பையனுக்கு அந்த வேஷத்தக் குடுத்தேன், துண்டெல்லாம் இல்லாம, பாவம் ஒரு வாரம் எல்லாரும் அவன "பகடிவதை"ன்னே கூப்பிட்டாங்க.

அந்த லோரிக்காரர் மவன் இன்னும் கத்தாம இல்ல, கொரல் தான் கொறஞ்சிருக்கு. பிள்ளைங்க கேண்டீன்லயும் "ஸ்டாப்" சொல்றாங்க, பாதி விளையாட்டுக்கு தான். நேத்து வீட்டுப்பாடம் செய்யாதவன நான் கொஞ்சம் ஓவரா திட்டிட்டு இருந்தப்ப பின்னால இருந்து ஒரு வாண்டு "ஸ்டாப்!"னு கத்துச்சு, நானும் நின்னுட்டேன்.