எழுத்தாளர் இறந்த பிறகு அவருடைய மாயக்கதைத் தொடரை இன்னொருவர் எழுதுவது சரியா?

தாராளமாக எழுதலாம். ஆனால் எழுதியவர் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். ஓஸ் என்ற மாய நாட்டுக் கதைகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

டோரத்தியும் வைக்கோல் பொம்மையும் வரும் அந்தத் தொடரை எல். ஃபிராங்க் பாம் 1900-இல் தொடங்கினார். 1910-இலேயே முடித்துவிடப் பார்த்தார், பணமுடை விடவில்லை. 1919-இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு வெளிவந்த கடைசிக் கதையையும் சேர்த்து மொத்தம் 14 புத்தகங்கள். தொடரை நிறுத்த மனமில்லாத சிகாகோ பதிப்பகம், ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் சிறுவர் பக்கம் நடத்திவந்த ரூத் பிளம்லி தாம்சனை அழைத்தது.

1921-இல் வந்த அவருடைய முதல் ஓஸ் புத்தகம் ‘தி ராயல் புக் ஆஃப் ஓஸ்’. அட்டையில் பாம் பெயர். தாம்சன் அதை விரிவாக்கித் திருத்தியவராம்! முழுக்க அவர் எழுதிய கதை அது. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கதையிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. உனக்கு வம்சமே இல்லை என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட, வைக்கோல் பொம்மை தான் முன்பு நின்ற சோளக்காட்டுக் கம்பத்தைத் தேடிப் போகிறது. கம்பம் வழியே பூமிக்குள் சறுக்கி விழுந்தால், கீழே ஒரு வெள்ளித் தீவு. அந்த நாட்டுச் சக்கரவர்த்தியின் மறுபிறவியே இதுதானாம். குலம் கோத்திரம் இல்லாமலே அறிவாளியாக இருந்ததுதானே அந்தப் பொம்மையின் அழகு? அதற்கு எதற்கு ராஜ வம்சம்? தீவு மக்களைச் சீனர்களின் கேலிச்சித்திரமாக வரைந்திருப்பதும் உறுத்துகிறது.

மறு ஆண்டு தன் பெயரிலேயே ‘கபும்போ இன் ஓஸ்’ எழுதினார். அதில்தான் அவர் கை தெரிகிறது. படாடோபமான அரண்மனை யானை கபும்போ, வெடிக்கும் பிறந்தநாள் கேக், திடீரென்று ராட்சசனாக வளர்ந்து ஓஸ் அரசி ஓஸ்மாவின் அரண்மனையைத் தலையில் சுமந்தபடி ஓடும் ருகெடோ. ருகெடோ பாம் படைத்த வில்லன், யானை தாம்சனுடையது. பாம் மாதிரி எழுத அவர் மெனக்கெடவே இல்லை. பழைய படங்களை வரைந்த ஜான் ஆர். நீல்தான் இவருக்கும் வரைந்தார் என்பதால், குழந்தைகளுக்கு ஊர் மாறிய உணர்வு வந்திருக்காது.

1939 வரை ஆண்டுக்கு ஒன்றாக 19 எழுதினார், பாமைவிட ஐந்து அதிகம். நீங்கள் தாம்சனைப் படிப்பதாக இருந்தால் முதல் புத்தகத்தை விட்டுவிட்டு நேரே கபும்போவிலிருந்து தொடங்குங்கள்.