கட்டுமரம் எப்படி இரட்டைப் படகானது? ஆங்கில அகராதிக் கேள்வி பதில்

கடலூரில் ஆங்கிலம்-தமிழ் அகராதி வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வந்த கேள்விகளில் சில, என் பதிலோடு.

லாஸ்பேட்டை ஆசிரியை: ஒரு நிகழ்ச்சியை முன்கூட்டியே வைப்பதற்கு "ப்ரீபோன்" என்று பிள்ளைகள் எழுதினால் கோடு போட்டு அடித்துத் திருத்தணுமா சார்?

அடிக்க வேண்டாம் மேடம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். லண்டனுக்கு எழுதும் கடிதத்தில் வேறு சொல் போடுவது நல்லது.

தேவனாம்பட்டினம் கல்லூரி மாணவர்: எங்கள் தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். ஆங்கில அகராதியில் "கட்டமரான்" என்றால் இரண்டு படகை இணைத்த மாதிரி படம் போட்டிருக்கிறார்கள். தப்புதானே ஐயா?

தப்பு இல்லை தம்பி. ஆனால் உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல்லை நம் பொருளிலேயே எழுதினார். அப்புறம் 1876இல் நத்தானியல் ஹெரஷாஃப் அமெரிக்காவில் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகு ஒன்று செய்தார். அந்த மாதிரிப் படகுகளுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் சொல்கிறார்கள். அகராதிக்காரர் அதை எழுதித்தான் ஆகணும். எந்தப் பொருளை முதலில் வைப்பது என்பதுதான் அவர் கையில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் பழைய பொருள் முன்னால் வரும், வரலாறு காட்டுவது அதன் வேலை. சின்ன அகராதிகளில் இப்போது அதிகம் வழங்கும் பொருள்தான் முன்னால். இடம் போதாவிட்டால் நம் கட்டுமரம் விழுந்துவிடும். அது எனக்கு வலிக்கும். அகராதி வாங்கும்போது அந்தச் சொல்லைப் புரட்டிப் பாருங்கள்.

வில்லியனூர் வாசகர்: புதுச் சொல்லைச் சேர்க்கலாம் என்று யார் முடிவு செய்வது?

ஆசிரியர் குழுதான். ஆனால் தங்கள் விருப்பத்தை வைத்து இல்லை. பல பேர், பல இடங்களில், சில வருடமாவது எழுதிய சான்று வேண்டும். நம் "ஐயோ" 2016இல் அப்படித்தான் ஆக்ஸ்ஃபோர்டில் ஏறியது.

நெல்லிக்குப்பம் வாசகர்: அகராதியில் அச்சானால் சரியாகத்தானே இருக்கும்?

எப்போதும் இல்லை. 1934 வெப்ஸ்டர் பெரிய அகராதியில் "டார்ட்" (dord) என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. அப்படிச் சொல்லே கிடையாது. அடர்த்திக்கு "டி" என்ற எழுத்தைச் சுருக்கமாக எழுதலாம், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ என்று "D or d" எனக் குறித்த சீட்டைச் சேர்த்துப் படித்து ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். 1939இல் ஒரு ஆசிரியர், இதற்கு வேர்ச்சொல் விவரமே இல்லையே என்று கவனித்துத் தோண்டினார். பிறப்பு எழுதாத சொல் வந்தால் எனக்கு இன்றும் கை நின்றுவிடும்.