கர்ப்பிணிக் கையேடும் கோய்சுமியும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் கர்ப்பிணிக் கையேட்டைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். 1942இல் அது வந்தபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் ராணுவ மருத்துவர் சிகாஹிகோ கோய்சுமி. ஜப்பான் ராணுவத்தின் கிருமி ஆயுத ஆய்வுப் பிரிவான 731 பிரிவை உருவாக்கிய ஷிரோ இஷியைப் பதவியில் தூக்கிவிட்டவரும் அவர்தானாமே? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நல்லதும் செய்தார் என்று எடுத்துக்கொள்வதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விட்டது என் தவறுதான்.

கோய்சுமி 1884இல் பிறந்தவர். விஷவாயு, வாயு முகமூடி ஆராய்ச்சியில் பெயர் எடுத்தார். ராணுவ மருத்துவக் கல்லூரியில் இஷிக்கு ஆய்வுக்கூடம் அமையப் பக்கபலமாக நின்றார். 1934 முதல் 1938 வரை தரைப்படையின் தலைமை மருத்துவர். ஜப்பான் பிடித்துவைத்திருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் இஷியின் பிரிவு முறைப்படி அமைந்தது அப்போதுதான். கைதிகளின் உடம்பில் கொள்ளைநோய்க் கிருமியை ஏற்றி, உயிரோடு அறுத்துப் பார்த்தார்கள்.

அதே ஆண்டுகளில் கோய்சுமியை வாட்டிய கவலை வேறு. படைக்கு ஆளெடுக்கப் போனால் பையன்கள் நோஞ்சானாக, காசநோயோடு வருகிறார்கள். சுகாதாரத்துக்குத் தனி அமைச்சகம் வேண்டுமென்று ராணுவம் நெருக்கியது. 1938இல் அது வந்தது, 1941இல் அவரே அமைச்சரானார். மருத்துவக் காப்பீட்டைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்.

இப்போது அந்தக் கையேட்டுக்கு வருவோம். கர்ப்பத்தைப் பதிந்த பெண்ணுக்கு அது கிடைக்கும். பரிசோதனை விவரங்களை அதில் குறிப்பார்கள். அதைக் காட்டினால் ரேஷனில் கூடுதல் அரிசி, பிரசவத்துக்குப் பஞ்சு. பஞ்சுகூடத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அரசு அவள் வயிற்றில் பார்த்தது வருங்காலச் சிப்பாயை.

அதனால் நல்லது இவ்வளவு, கெட்டது இவ்வளவு என்று தராசில் வைக்க என்னால் முடியாது. மனித உடம்பு அரசின் சொத்து என்று நம்பியவர் அவர். சொந்த மக்களின் உடம்பைப் பேணியதும், கைதிகளின் உடம்பைச் செலவழிக்கத் துணைநின்றதும் அந்த ஒரே நம்பிக்கையில்தான்.

1945 செப்டம்பர் 13 அன்று வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. இஷியையோ, ஆய்வுக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு அமெரிக்கா வழக்கில்லாமல் விட்டது. அப்புறம் 1989இல், டோக்கியோவில் அந்தப் பழைய மருத்துவக் கல்லூரி இருந்த இடத்தில் கட்டடத்துக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. நூறு பேருக்கும் மேல்.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே கோய்சுமியின் பெயரைச் சேர்த்துவிட்டேன்.