உயிரி எண்ணெயின் அரிப்பை அமில எண் மட்டும் காட்டிவிடுமா?

கேள்வி: மரக்கழிவைப் பைரோலிசிஸ் செய்து (காற்றில்லாமல் சூடாக்கிச் சிதைத்து) பெற்ற உயிரி எண்ணெயைக் கச்சா எண்ணெயுடன் கலந்து எங்கள் ஆலையில் சுத்திகரிக்க எண்ணுகிறோம். இப்போதுள்ள கார்பன் எஃகுத் தொட்டிகளும் குழாய்களும் அதைத் தாங்குமா என்பதை அமில எண்ணை (ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்கத் தேவைப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மில்லிகிராம் அளவு) அளந்தே முடிவு செய்யலாமா?

பதில்: முடியாது. கச்சா எண்ணெயின் அமில எண் 0.5-ஐத் தாண்டினால் எச்சரிக்கை தேவை என்ற வழக்கம், ஏறத்தாழ 220 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எஃகை அரிக்கும், கச்சா எண்ணெயிலேயே உள்ள நாப்தெனிக் அமிலங்களைக் கண்ட அனுபவத்தில் உருவானது. உங்கள் எண்ணெயில் இருப்பவையோ அசிட்டிக், ஃபார்மிக் போன்ற இலகுவான அமிலங்கள். அவற்றோடு பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம் வரை நீரும் கலந்திருப்பதால், 50 டிகிரியிலேயே கார்பன் எஃகும் குறைந்த குரோமியம் கொண்ட எஃகும் கணிசமாக அரிக்கப்படும். ஒரே அமில எண் கொண்ட இரு எண்ணெய்கள் முற்றிலும் வேறு விதமாக அரிக்கக்கூடும். செம்புப் பட்டைச் சோதனையும் இங்கே உதவாது. அது கந்தகச் சேர்மங்களின் அரிப்பைக் காட்டுவதற்கானது.

எடையிட்ட உலோகத் தகடுகளை மூழ்கவைத்துச் சோதிப்பதே நம்பத்தக்க வழி. ஒரு தகடு திரவத்திலும், ஒன்று பாதி மூழ்கியும், ஒன்று மேலுள்ள ஆவியிலும் இருக்க வேண்டும். எளிதில் ஆவியாகும் அமிலங்கள் தொட்டியின் கூரைப் பகுதியில் நீரோடு குளிர்ந்து படிவதால், மூன்றாவது தகட்டைத் தவிர்க்க வேண்டாம். தகட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கும் குறைந்தது 20 மில்லிலிட்டர் எண்ணெய் தேவை. அதற்குக் குறைந்தால் அமிலம் இரும்போடு வினைபுரிந்து தீர்ந்து, அரிப்பு வேகம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

பலரும் கோட்டைவிடுவது ஓரிடத்தில்தான்: சோதனையின்போது எண்ணெயே மாறிவிடுகிறது. சுமார் 80 டிகிரிக்கு மேல் அது விரைவாகக் கெட்டிப்பட்டு, தகட்டின் மீது பிசின்போல் படியும். ஆகவே மூடிய கலனைப் பயன்படுத்தி, எண்ணெயை அவ்வப்போது புதிதாக மாற்றி, நீரளவையும் அமில அளவையும் முன்னும் பின்னும் பதிவு செய்யுங்கள். படிவை நீக்கும்போது உலோகமும் சிறிது கரையும் என்பதால், சோதிக்காத தகடு ஒன்றையும் அதே முறையில் கழுவி, அதன் இழப்பைக் கழித்துவிடுங்கள். மில்லிகிராமில் எடை இழப்பை 87.6-ஆல் பெருக்கி, உலோகத்தின் அடர்த்தி (கன சென்டிமீட்டருக்குக் கிராமில்), சதுர சென்டிமீட்டரில் பரப்பு, மணிநேரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது கிடைக்கும். இது சராசரிதான், அரிப்பு ஆங்காங்கே தோண்டும் குழிகளின் ஆழத்தை நுண்ணோக்கியில் தனியே அளக்க வேண்டும்.

சேமிப்புக்கும் உலைக்குள் செலுத்தும் குழாய்க்கும் 304எல், 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். குளோரைடு இருக்குமானால், விரிசலை அறிய வளைத்த தகடுகளையும் சேருங்கள். சூடான பகுதிகளுக்கு இந்த முடிவுகளை நீட்டித்துக் கணிக்க வேண்டாம். அங்கே உண்மையான கலவை விகிதத்திலும் வெப்பத்திலும் ஓட்ட வேகத்திலும் தனிச் சோதனை செய்தாக வேண்டும்.